பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துபவருக்கு எந்த அமைப்பு பொருந்தும்? பிர்லோவை முன்வைத்து ஓர் ஒப்பீடு

இத்தாலியக் கால்பந்து லீக்கில் 2001 ஏப்ரல் 1 அன்று டூரின் நகரில் யுவென்டஸ் அணியை எதிர்த்து ஆடிய பிரெஸ்சா அணி, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த நிலையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. நடுக்கோட்டுப் பகுதியில் பந்தைப் பெற்ற இருபத்தொரு வயது ஆட்டக்காரர் ஒருவர், யுவென்டஸின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் விழும்படி நீண்ட பந்தொன்றை உயர்த்தி அனுப்பினார். தோளுக்கு மேலாக வந்த அந்தப் பந்தை ஓடிக்கொண்டே அடக்கி, அடக்கிய அதே தொடுதலில் கோல்கீப்பர் வான் டெர் சாரையும் கடந்துவிட்ட ராபர்ட்டோ பாஜ்ஜியோ, ஆளில்லாத வலைக்குள் பந்தைச் செலுத்தினார். ஆட்டம் 1-1 என முடிந்தது. இந்தக் கோலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாஜ்ஜியோவின் தொடுதலைத்தான் சொல்வார்கள், அது நியாயமும்கூட. ஆனால் பயிற்சியாளர் ஒருவர் கவனிக்க வேண்டியது, பந்தை அனுப்பியவர் நின்ற இடத்தை.

அனுப்பியவர் ஆண்ட்ரியா பிர்லோ. முன்கள வீரர்களுக்குச் சற்றுப் பின்னால் ஆடும் பத்தாம் எண் ஆட்டக்காரராகவே அவர் வளர்ந்தார். 1998இல் அவரை வாங்கிய இன்டர் மிலான் அணியில் அவரால் நிலைகொள்ள முடியவில்லை. கடன் அடிப்படையில் முதலில் ரெஜ்ஜினாவுக்கும், பிறகு தன் பழைய அணியான பிரெஸ்சாவுக்கும் அனுப்பப்பட்டார். பிரெஸ்சாவிலோ பத்தாம் எண்ணுக்குரிய இடத்தில் பாஜ்ஜியோ இருந்தார். எனவே பயிற்சியாளர் கார்லோ மஸ்ஸோனே, பிர்லோவைத் தடுப்பு வரிசைக்கு நேர் முன்னால் இறக்கி நிறுத்தினார். அவருடைய பார்வையும் காலும் அதற்கு முன்பு எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருந்தன. மாறியது அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு மட்டுமே.

இத்தாலியர்கள் இந்த இடத்தில் ஆடுபவரை ரெஜிஸ்டா என்று அழைக்கிறார்கள். திரைப்பட இயக்குநருக்கும் அவர்களிடம் அதே சொல்தான். தடுப்பாட்டக்காரர்களிடமிருந்து பந்தை வாங்கி, ஆட்டம் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். இத்தகைய ஆட்டக்காரர் ஒருவர் அணியில் அமைந்துவிட்டால், அவரை எந்த அமைப்பில் ஆடவிடுவது என்பது பயிற்சியாளருக்கு எளிதில் தீராத கேள்வி. நடைமுறையில் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு (எண்கள், கோல்கீப்பரை விட்டு, தடுப்பிலிருந்து முன்வரிசை வரை ஒவ்வொரு வரிசையிலும் நிற்பவர்களைக் குறிக்கும்): நடுக்களத்தை வைர வடிவில் அடுக்கும் 4-3-1-2, அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தும் 4-2-3-1, அவரைத் தனியாக நிறுத்தி ஓரங்களில் ஆடும் முன்கள வீரர்களான இரு விங்கர்களை வைக்கும் 4-3-3, தடுப்பின் நடுவில் நிற்கும் சென்டர் பேக்குகள் மூவரை அவருக்குப் பின்னால் வைக்கும் 3-5-2.

எந்த அமைப்பில் அவருக்கு அதிகமாகப் பந்து கிடைக்கும் என்பதை வைத்தே பெரும்பாலும் இந்த ஒப்பீடு செய்யப்படுகிறது. அந்த அளவுகோல் போதாது என்பது என் கருத்து. எதிரணி அவரைச் சும்மா விட்டால் நான்கு அமைப்புகளிலும் அவருக்குப் பந்து கிடைக்கும். நான்கிலும் அவர் அழகாகத்தான் ஆடுவார். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எதிரணி ஓர் ஆளை அவர்மேல் ஏவிவிட்டால், பந்து வேறு யார் வழியாக முன்னே போகும்? பந்து பறிபோன மறுகணம், அவரால் ஓட முடியாத தூரத்தை அவருக்காக யார் ஓடுவார்? இந்த இரண்டுக்கும் ஆள்பெயர் சொல்லிப் பதில் தர முடிகிற அமைப்பே அவருக்குரிய அமைப்பு.

இந்தக் கேள்விகளின் கனம் 2010 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தெரிந்தது. ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் கடைசிப் பதினாறு சுற்றில் ஏசி மிலானும் மான்செஸ்டர் யுனைடெடும் மோதின. அப்போது லியோனார்டோவின் பயிற்சியில் இருந்த மிலான், முன்வரிசையில் மூவரை நிறுத்தி, நடுக்களத்தை மூவரிடம் விட்டிருந்தது. யுனைடெடின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், வழக்கமாக ஓரத்தில் ஆடும் தென்கொரிய வீரர் பார்க் ஜி-சுங்கை நடுவில் நிறுத்தி, பிர்லோவை விட்டு விலகாமல் ஆடும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். அந்த ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருவது தெரியும்: மிலானின் சென்டர் பேக் பந்துடன் தலை நிமிர்கிறார், பிர்லோ பந்தை வாங்க இரண்டடி பின்னால் வருகிறார், பார்க்கும் அதே இரண்டடி வருகிறார், சென்டர் பேக் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறார். பிர்லோ பந்தை இழந்தார் என்பதல்ல இங்கே விஷயம். பந்து அவரிடம் வந்து சேரவே யோசித்தது. அவருக்குப் பதிலாகப் பந்தை முன்னே கொண்டுசெல்ல அந்த அணியில் இன்னொரு வழி இல்லை. ஓல்ட் டிராஃபோர்டில் மிலான் 4-0 எனத் தோற்றது. இரு ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்கு 7-2. அந்த நான்கு கோல்களில் ஒன்றை அடித்தவரும் பார்க்தான். பிர்லோவைக் காவல் காத்தவர் கோல் அடிக்கவும் முன்னேறிப் போக முடிந்தது என்பதிலேயே, முன்னே பாயும் எதிராளியைத் துரத்திப் பிடிக்கும் வேலை பிர்லோவுடையதாக இருக்கக் கூடாது என்பதும் விளங்கிவிடுகிறது.

இனி ஒவ்வோர் அமைப்பாகப் பார்க்கலாம். முதலில் வைரம், பிர்லோவை உலகறியச் செய்தது அதுதான். 2001 நவம்பரில் மிலானின் பொறுப்பை ஏற்ற கார்லோ அன்செலோட்டியிடம் பந்தை ஆளத் தெரிந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். ரூய் கோஸ்டா, சேடோர்ஃப், பிர்லோ ஆகிய மூவரும் இயல்பில் முன்னால் நின்று ஆடுபவர்கள். மூவரையும் சேர்த்து ஆடவைக்க அன்செலோட்டி கண்ட வழி, பிர்லோவை வைரத்தின் அடிமுனையில் வைத்து, அவருக்கு ஒரு பக்கம் கட்டூசோவையும் மறுபக்கம் சேடோர்ஃபையும் நிறுத்தி, மேல்முனையை ரூய் கோஸ்டாவுக்குக் கொடுத்தது. பின்னாளில் மேல்முனைக்கு காகா வந்தார். 2003இல் ஓல்ட் டிராஃபோர்டில் யுவென்டஸை பெனால்டியில் வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது இந்த அமைப்புதான்.

வைரத்தின் சிறப்பு, பிர்லோவுக்கு முன்னால் எப்போதும் மூன்று திசைகளில் மூன்று பேர் அருகருகே இருப்பது. அவரை ஒருவர் மறித்தால் சேடோர்ஃப் இறங்கி வந்து பந்தை வாங்குவார். சேடோர்ஃபையும் மறித்தால், மறிக்க வந்தவர்கள் விட்டுவந்த இடத்தில் காகா நிற்பார். பந்து பறிபோனால் கட்டூசோ இருக்கிறார். நான் வைத்த இரண்டு கேள்விகளுக்கும் இங்கே ஆள்பெயருடன் பதில் இருக்கிறது. இதே தர்க்கம் 2012 ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியிலும் வேலை செய்தது. வார்சாவில் இத்தாலியை எதிர்கொண்ட ஜெர்மனியின் பயிற்சியாளர் யோவாகிம் லூவ், பிர்லோவைக் கட்டுப்படுத்துவதையும் மனத்தில் வைத்து டோனி குரூஸை முதல் பதினொருவரில் சேர்த்தார். பிரன்டெல்லியின் இத்தாலி ஆடியது வைரம். பிர்லோவைச் சுற்றி டி ரோஸ்ஸி, மார்கீசியோ, மொன்டொலிவோ ஆகியோர் இருந்தார்கள். 36ஆம் நிமிடத்தில் ஜெர்மனியின் தடுப்பைத் தாண்டி பாலோடெல்லிக்கு விழுந்த அந்த நீண்ட பந்தை அனுப்பியவர் பிர்லோ அல்லர், மொன்டொலிவோ. 2-1 என்று முடிந்த ஆட்டத்தில் இத்தாலியின் இரண்டாவது கோல் அது. பார்க் காவல் காத்த மிலானிடம் இல்லாத இரண்டாவது வழி இதுவே.

ஆனால் வைரத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை ஓரங்களில் கட்ட வேண்டியிருக்கும். நடுவில் நால்வர் நெருங்கி நிற்பதால், ஒவ்வோர் ஓரமும் ஒரே ஒரு பக்கத் தடுப்பாட்டக்காரர் பொறுப்பிலேயே விடப்படுகிறது. பந்து ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு விரைந்து மாற்றப்பட்டால், வைரம் முழுவதும் பக்கவாட்டில் நகர வேண்டும். நகர்வதில் மிகத் தாமதமாகும் கண்ணி, கால் வேகம் இல்லாத நம் ஆட்ட நடத்துநர்தான். 2005இல் இஸ்தான்புல்லில் லிவர்பூலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் முதல் நிமிடத்திலேயே பிர்லோவின் ஃப்ரீ கிக்கிலிருந்து மல்தீனி கோல் அடிக்க, இடைவேளையில் மிலான் 3-0 என முன்னிலையில் இருந்தது. இடைவேளைக்குப் பின் லிவர்பூல் ஹமானைக் களமிறக்கி, தடுப்பில் மூவரை வைத்துக்கொண்டு, ஜெரார்டை முன்னே அனுப்பியது. இடது ஓரத்தில் ரீசாவுக்குப் பந்து கிடைத்தது. அவருடைய முதல் முயற்சி தடுக்கப்பட்டும், திரும்பி வந்த பந்தை மறுபடியும் உள்ளே அனுப்ப அவருக்கு நேரம் இருந்தது. நடுவில் ஜெரார்ட் தலையால் முட்டினார். 54 முதல் 60 வரையிலான நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள் விழுந்தன. அந்தச் சரிவு முழுவதையும் அமைப்பின் மீது சுமத்துவது நேர்மையாகாது. ஆனாலும் ஓரத்தில் இரண்டாம் முறை பந்தை அனுப்பக் கிடைத்த அந்த நேரம் வைரத்தின் பிறவிக் குறை என்றே நான் எண்ணுகிறேன்.

அன்செலோட்டியும் பிற்காலத்தில் அதைச் சற்று மாற்றினார். 2007இல் ஏதென்ஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அதே லிவர்பூலை 2-1 என வென்ற மிலான், கோலடிக்கும் முன்கள வீரரான ஸ்ட்ரைக்கர் ஒரே ஒருவரை வைத்து ஆடியது: பிர்லோவுக்கு இரு பக்கமும் கட்டூசோவும் அம்ப்ரோசினியும், அவர்களுக்கு முன்னால் சேடோர்ஃபும் காகாவும், உச்சியில் இன்ஸாகி. கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர் பெற்ற 4-3-2-1 இது. ஒரு ஸ்ட்ரைக்கரைத் துறந்து, பிர்லோவுக்காக ஓடுபவர்களை ஒருவரிலிருந்து இருவராக்கிக்கொண்டார் என்று இதைச் சுருக்கமாகப் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது வழி, பக்கத்தில் ஒருவரை நிறுத்தும் இரட்டை ஏற்பாடு. பிர்லோவின் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி இதில் வந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2006 உலகக் கோப்பையில் மார்சேலோ லிப்பியின் இத்தாலி, பிர்லோவையும் கட்டூசோவையும் அருகருகே நிறுத்தி, ஓரங்களை கமோரனேசியிடமும் பெரோட்டாவிடமும் ஒப்படைத்து, டோனிக்குப் பின்னால் டொட்டியை ஆடவிட்டது. ஓரங்கள் இங்கே காலியாக இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் இருவர். எதிரணி பிர்லோவை மறித்தால் பந்தை முன்னே கொண்டுசெல்ல டொட்டி இறங்கி வந்தார். கட்டூசோவிடம் நுட்பமான பாஸ் எதிர்பார்க்கப்படவில்லை. பந்தைப் பறித்து, பக்கத்தில் இருக்கும் பிர்லோவிடம் இரண்டு கஜத்தில் கொடுத்தால் போதும்.

இந்த அமைப்பின் மறைவான பயன் ஒன்று உண்டு. பக்கத்தில் ஒருவர் நிரந்தரமாக இருப்பதால், ஆட்ட நடத்துநர் எப்போதாவது முன்னே ஏறிப் போகவும் இயலும். டார்ட்மண்டில் ஜூலை 4 அன்று நடந்த ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியின் 119ஆம் நிமிடம் அதற்குச் சாட்சி. டெல் பியரோ எடுத்த கார்னரிலிருந்து வெளியே தள்ளப்பட்ட பந்து, பெனால்டிப் பகுதியின் விளிம்பில் நின்ற பிர்லோவின் காலுக்கு வந்தது. அவர் உடனே அடிக்கவில்லை. பந்தை வலப்பக்கமாக உருட்டிக்கொண்டே சில அடிகள் நகர்ந்தார். ஜெர்மானியத் தடுப்பாட்டக்காரர்கள் அவரோடு சேர்ந்து நகர்ந்தார்கள், அவர் அடிக்கப்போகும் பந்தை மறிக்கும் எண்ணத்தில். அவர்கள் நகர நகர அவர்களுக்குப் பின்னால் ஓர் இடைவெளி திறந்தது. அந்த இடைவெளியில் நின்ற குரோஸோவிடம், அவரைப் பார்க்காமலே பந்தைத் தள்ளினார். ஆட்டத்தில் நூற்றுப்பத்தொன்பது நிமிடம் ஓடிக் களைத்த பிறகும் அந்தப் பொறுமை இருந்தது என்பதை இன்று பார்த்தாலும் எனக்கு நெஞ்சம் நிறைகிறது. ஐந்து நாள் கழித்து பெர்லினில் நடந்த இறுதியாட்டத்திலும் மட்டெராஸ்ஸியின் கோலுக்குக் கார்னர் எடுத்தவர் அவரே.

இரட்டை ஏற்பாட்டின் குறை, பக்கத்தில் நிற்பவர் தவறான ஆளாக இருந்தால் வெளிப்படும். பிர்லோவைப் போலவே பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் ஜோர்ஜின்யோவின் கதை இதற்குப் பாடம் போன்றது. 2014 ஜனவரியில் ஹெல்லஸ் வெரோனாவிலிருந்து நாப்போலிக்கு வந்த அவர், ரஃபேல் பெனிடெஸின் 4-2-3-1 அமைப்பில் நிலையான இடம் பெறத் தடுமாறினார். நடுக்களத்தில் இருவரே இருக்கும்போது ஒவ்வொருவரும் பாதிக் களத்தின் அகலத்தைக் காக்க வேண்டும். நீண்ட தூரம் ஓடி எதிராளியைப் பிடிப்பது அவருக்கு இயல்பான வேலையன்று. 2015இல் மௌரிசியோ சாரி வந்து அமைப்பை 4-3-3 ஆக்கினார். வலப்புறம் ஆலன், இடப்புறம் ஹம்ஷிக், நடுவில் தனியாக ஜோர்ஜின்யோ. காக்க வேண்டிய அகலம் சுருங்கியது. கொடுக்க வேண்டிய பந்துக்கு அருகிலேயே ஆள் இருந்தார்கள். அதே மனிதர் அணியின் அச்சாணியானார். 2017-18 பருவத்தில் நாப்போலி 91 புள்ளிகள் எடுத்து இரண்டாம் இடம் பெற்றது.

ஆகவே மூன்றாவது வழியான 4-3-3, ஜோர்ஜின்யோவுக்கு மறுவாழ்வு தந்தது உண்மை. ஆனால் அதே அமைப்பின் அபாயத்தைக் காட்டியவரும் அவரே. சாரியுடன் 2018இல் செல்சீக்குப் போனபோது, நடுவில் அவரை நிறுத்துவதற்காக என்கோலோ கான்டே வலப்புறத்துக்கு நகர்த்தப்பட்டார். அந்த நவம்பரில் வெம்ப்ளியில் டாட்டன்ஹாம், டெலி ஆலியை ஜோர்ஜின்யோமீது ஏவியது. செல்சீ 3-1 எனத் தோற்றது. தனியாக நிற்பவரை அடையாளம் காண்பதும் எளிது, மறிப்பதும் எளிது. அவருடைய இடம் எங்கே என்று எதிரணிக்கு முன்கூட்டியே தெரியும். 4-3-3இல் விங்கர்கள் இருவரும் ஓரங்களில் விரிந்து நிற்பதால், வைரத்தின் மேல்முனையில் இருந்தாற்போல நடுவில் இறங்கி வந்து பந்து வாங்க நான்காவது ஆள் இல்லை. அந்தக் குறையை சென்டர் பேக் ஒருவர் பந்துடன் முன்னேறிச் சென்று தீர்க்க வேண்டும், அல்லது பக்கத் தடுப்பாட்டக்காரர் உள்ளே வந்து தீர்க்க வேண்டும். அப்படி ஆடத் தெரிந்த தடுப்பாட்டக்காரர் இல்லாத அணி, 4-3-3இல் ஆட்ட நடத்துநரைத் தனியாக நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2021 ஜனவரியில் செல்சீயின் பொறுப்பேற்ற தாமஸ் டூகெல், மூன்று சென்டர் பேக்குகளை வைத்து, அவர்களுக்கு முன்னால் ஜோர்ஜின்யோவுக்குப் பக்கத்தில் கான்டே அல்லது கோவாசிச்சை நிறுத்தினார். நாப்போலியில் இரட்டை ஏற்பாட்டில் தடுமாறியவர், இங்கே இரட்டை ஏற்பாட்டிலேயே அந்த மே மாதம் போர்ட்டோவில் சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். ஜூலையில் இத்தாலியுடன் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார். நடுவில் இருவர் என்ற எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், பக்கத்தில் கான்டே இருப்பதும், பின்னால் இருவருக்குப் பதில் மூவர் நிற்பதும் வேலையையே வேறாக்கிவிடுகின்றன.

இது நான்காவது வழிக்கு நம்மைக் கொண்டுசெல்கிறது. 2011இல் மிலான் பிர்லோவின் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டபோது, அவருக்கு முப்பத்திரண்டு வயது. யுவென்டஸ் அவரைக் கட்டணமின்றிப் பெற்றது. அங்கே பொறுப்பேற்ற அன்டோனியோ கோன்டே முதலில் மனத்தில் வைத்திருந்தது, நடுவில் இருவரும் முன்னால் நால்வருமாக ஆடும் அமைப்பு. செப்டம்பரில் பார்மாவை 4-1 என வென்ற ஆட்டத்திலேயே, பிர்லோ உயர்த்தி அனுப்பிய பந்துக்கு ஓரத்திலிருந்து ஓடிவந்த லிக்ட்ஸ்டைனர் கோல் அடித்தார். அதுவே புதிய மைதானத்தின் முதல் லீக் கோல். ஆனாலும் கோன்டே அந்த அமைப்பில் பிடிவாதமாக நிற்கவில்லை. அர்துரோ விடால், மார்கீசியோ ஆகிய இருவரையும் ஒதுக்க முடியாது என்று கண்டு, பிர்லோவுக்கு இரு பக்கமும் அவர்களை நிறுத்தி மூவர் நடுக்களமாக மாற்றினார். பருவத்தின் நடுவில் தடுப்பையும் மூவராக்கி 3-5-2க்குப் போனார். 38 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் யுவென்டஸ் அந்தப் பருவத்தின் பட்டத்தை வென்றது.

நான்கு வழிகளில் இதையே நான் முதலில் வைப்பேன். அதற்குக் காரணம் பட்டம் அல்ல. பிர்லோவுக்கு நேர் பின்னால் நின்ற லியோனார்டோ பொனூச்சிதான் காரணம். நடுச் சென்டர் பேக்கான அவரும் நாற்பது கஜத்துக்குப் பந்தைக் கணக்காக அனுப்பத் தெரிந்தவர். எதிரணியின் ஸ்ட்ரைக்கர் ஒருவர் பிர்லோவை ஒட்டி நின்றால், பொனூச்சிக்கு முன்னால் யாரும் இல்லை. அவர் நிதானமாக நிமிர்ந்து, முன்னே ஓடும் விடாலுக்கோ மார்கீசியோவுக்கோ, ஓரம் முழுவதும் ஏறி இறங்கும் விங் பேக்குக்கோ பந்தை அனுப்புவார். ஸ்ட்ரைக்கர் பொனூச்சியை நெருங்கினால் பிர்லோ விடுபடுவார். எதிரணி இருவரையும் மறிக்க வேண்டுமானால் இரண்டு ஆட்களைச் செலவழிக்க வேண்டும். அப்போது பர்ஸாலியோ கியெல்லினியோ பந்துடன் முன்னேற வழி திறக்கும். பந்து பறிபோனால் பின்னால் மூவர் இருக்கிறார்கள். இரு பக்கமும் மூச்சு வாங்காமல் ஓடும் இருவர் இருக்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டிய, ஓட்டம் குறைந்த ஓர் ஆட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான குடியிருப்பை நான் பார்த்ததில்லை. இத்தாலி தேசிய அணியும் 2012 ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், டி ரோஸ்ஸியைத் தடுப்பின் நடுவில் நிறுத்தி இதே அமைப்பில் ஸ்பெயினுடன் 1-1 எனச் சமன் செய்தது. பிர்லோ நடுவில் முன்னேறி இட்டுக்கொடுத்த பந்தைத்தான் டி நத்தாலே கோலாக்கினார்.

இதற்கும் எல்லை உண்டு. 2013இல் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பயர்ன் மியூனிக், ஸ்ட்ரைக்கர் மன்ட்சூகிச் உட்பட முன்வரிசை முழுவதையும் ஒருங்கே பாயவிட்டு, பிர்லோவுக்கும் பின்னால் இருந்த மூவருக்கும் மூச்சுவிட இடம் தரவில்லை. இரு ஆட்டங்களிலும் யுவென்டஸ் 2-0 எனத் தோற்றது. ஒருவரை மறிக்கும் எதிரணிக்கு 3-5-2 விடை தருகிறது. ஒட்டுமொத்தமாக முன்னேறி மறிக்கும், உடல்வலுவிலும் மேம்பட்ட எதிரணிக்கு அது மட்டும் போதாது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, ஆட்ட நடத்துநரே வேண்டாம் என்ற முடிவையும் ஒரு வழியாகக் கருத வேண்டும். அதை எடுத்தவர் பேதையுமல்லர். 2010-11 பருவத்தில் மிலானின் பயிற்சியாளராக வந்த மாசிமிலியானோ அலெக்ரி, தடுப்புக்கு முன்னால் அம்ப்ரோசினி, ஜனவரியில் வந்த வான் பொம்மெல் போன்ற காவலர்களையே விரும்பினார். காயங்களாலும் அவதிப்பட்ட பிர்லோ, ஆடியபோதும் சில வேளை இடப்பக்கத்துக்குத் தள்ளப்பட்டார். மிலான் அந்தப் பருவத்தின் பட்டத்தை வென்றது. எனவே அலெக்ரி செய்தது அந்த ஆண்டுக்குத் தவறென்று சொல்ல முடியாது. முன்னால் இப்ராகிமோவிச் போன்ற ஒருவர் இருக்கும்போது பந்தை நேராக அவரிடம் சேர்த்துவிட்டால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பின்னால் நின்று ஆட்டத்தை நெய்ய வேண்டிய தேவை குறைகிறது.

ஆனால் 2014இல் கோன்டே விலகியதும் யுவென்டஸுக்கு வந்தவர் அதே அலெக்ரி. மிலானில் பிர்லோவை நடுவிலிருந்து அகற்றியவர், இங்கே அவரை நடுவிலேயே வைத்தார். முதலில் 3-5-2ஐ அப்படியே தொடர்ந்து, பின்னர் வைரத்துக்கு மாறி, 2015 ஜூன் 6 அன்று பெர்லினில் பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அடிமுனையில் முப்பத்தாறு வயது பிர்லோவை நிறுத்தினார். இரு பக்கமும் மார்கீசியோ, போக்பா, மேலே விடால். இடையில் அலெக்ரியின் ரசனை மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. பிர்லோவுக்காக ஓடக்கூடிய மூன்று பேர் அவரிடம் இருந்தார்கள். மிலானில் அவரிடம் அவர்கள் இல்லை. அந்த இறுதியாட்டத்தின் நான்காம் நிமிடத்தில் மெஸ்ஸி வலப்பக்கத்திலிருந்து இடது ஓரத்தில் நின்ற ஆல்பாவுக்குப் பந்தை மாற்ற, வைரம் நகர்ந்து முடிப்பதற்குள் நெய்மார், இனியெஸ்டா வழியாகப் பந்து ரகிடிச்சிடம் சேர்ந்து கோலானது. பத்தாண்டுக்கு முன் இஸ்தான்புல்லில் ரீசாவுக்குக் கிடைத்த அதே ஓரம்.

ஆகவே இன்று இத்தகைய ஆட்டக்காரரைக் கையில் வைத்திருக்கும் பயிற்சியாளர் ஒருவர் என்னிடம் கேட்டால், நான் முதலில் அவருடைய சென்டர் பேக்குகளைப் பற்றித்தான் விசாரிப்பேன். பந்தை நெடுந்தூரம் கணக்காக அனுப்பத் தெரிந்த ஒருவர் அவர்களில் இருந்து, ஓரம் முழுவதும் ஏறி இறங்கக்கூடிய விங் பேக்குகளும் இருந்தால், 3-5-2. அத்தகைய சென்டர் பேக் இல்லை, ஆனால் கட்டூசோவைப் போலவோ கான்டேயைப் போலவோ பந்தைப் பறித்துத் தரும் ஒருவரும், முன்னால் இறங்கி வந்து பந்து வாங்கத் தெரிந்த பத்தாம் எண் ஒருவரும் இருக்கிறார்கள் என்றால், இருவர் நிற்கும் 4-2-3-1. இளையோர் அணிக்கும் இதுவே என் தேர்வு: பதினாறு, பதினேழு வயதில் ஒருவரைத் தனியாக நிறுத்திவிட்டு, அவர் ஒவ்வொரு வாரமும் மறிக்கப்பட்டு மனம் ஒடிவதைப் பார்ப்பதைவிட, பக்கத்தில் ஒரு தோழரைக் கொடுத்துக் களத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள விடுவது மேல். ஆளத் தெரிந்த நடுக்கள வீரர்கள் நால்வர் இருந்து, நல்ல விங்கர் ஒருவர்கூட இல்லாத அணிக்கு வைரம். ஆனால் எதிரணியில் வேகமான விங்கரும் அவரைத் தாண்டி ஓடும் பக்கத் தடுப்பாட்டக்காரரும் ஒரே ஓரத்தில் இருந்தால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஒரு ஸ்ட்ரைக்கரைக் குறைத்து, அன்செலோட்டி ஏதென்ஸில் செய்ததைப் போல ஓடுபவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.